வீராயியின் எட்டுப் பிள்ளைகள்

காலை எட்டு மணி இருக்கும். வேலைக்குப் பேர் பதியும் பெரட்டு முடிந்து எல்லோரும் மலைக்கு ஏறிவிட்டார்கள். தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் ஆள் சத்தம் இல்லை. பனிமூட்டம் கூரைத் தகரத்தை விட்டு இன்னும் எழும்பவில்லை. கருவாட்டுத் தலை போட்டு வேகவைத்த கஞ்சிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு பின்பக்கத்து விறகுக் கொட்டிலுக்குப் போனேன்.

வீராயி நின்றுகொண்டிருந்தாள். மற்ற நாளென்றால் என் காலடிச் சத்தத்துக்கே வாலாட்டுவாள். அன்று ஆட்டவில்லை. நான்கு கால்களும் விறைத்துப்போய், கண் எங்கோ நிலைகுத்தி, நாக்கு ஒரு பக்கம் தொங்க, ஓடி வந்தவள் போல இளைத்தாள். தொட்டுப் பார்த்தேன். அந்தக் குளிரிலும் உடம்பு அடுப்புக் கல்லாகக் கொதித்தது.

கீழே சாக்கின் மேல் எட்டுக் குட்டிகள். பிறந்து பதினெட்டு நாள். கண் திறந்து சில நாட்கள்தான். மடியைத் தேடி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கத்திக்கொண்டிருந்தன.

“வீராயி, ஏய் வீராயி” என்றேன். காதுகூட அசையவில்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பின்னங்கால்கள் மடங்கின. பக்கவாட்டில் விழுந்தாள். விழுந்த இடத்திலேயே உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. நல்லவேளை, குட்டிகள் மேல் விழவில்லை.

முப்பது வருடம் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் வேலை பார்த்தவள் நான். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் விட்டுச் செல்லும் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் என் உத்தியோகம். காய்ச்சலில் வலிப்பு வந்த பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறேன். அப்போதெல்லாம் பதறியதில்லை. அன்று கஞ்சிச் சட்டி கையை விட்டு நழுவி உடைந்தது.

“யாராச்சும் வாங்களேன்!” என்று கத்தினேன்.

வந்தது லெச்சுமி.

இரண்டு காம்பரா தள்ளி இருப்பவள். காய்ச்சலென்று அன்று வேலைக்குப் போகவில்லை. லயத்திலேயே நாய் என்றால் ஆகாத ஒரே ஆள் அவள்தான். வீராயியைக் குட்டியாகக் கொண்டுவந்த அன்றே இஸ்தோப்பில், வீட்டு முன்திண்ணையில் நின்று, “அந்த நாயி என் வாசப் பக்கம் வந்துச்சு, ஆபீசுக்கு எழுதிப் போட்டுருவேன், ஆமா” என்று சத்தம் போட்டவள். அதன் பிறகு எங்கள் வீட்டைக் கடக்கும்போதெல்லாம் சேலையை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாகத்தான் நடப்பாள்.

பத்தடி தள்ளி நின்று எட்டிப் பார்த்தாள். “என்னக்கா ஆச்சு?”

“சாகப் போறா லெச்சுமி. ரோட்டு வரைக்கும் தூக்கணும். என்னால தனியா முடியாது.”

“கடிக்குமா?”

“நிக்கவே முடியல, எங்க கடிக்கப் போவுது?”

லெச்சுமி திரும்பிப் போனாள். போய்விட்டாள் என்றுதான் நினைத்தேன். கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டும் படங்கைக் கொடியிலிருந்து உருவிக்கொண்டு வந்தாள்.

“இதுல போடுங்க. தலப் பக்கம் நீங்க புடிங்க. வால் பக்கம் நான் புடிக்கிறேன்.”

லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்க அறுபது எழுபது கற்படிகள். பாசி வழுக்கும். அந்தப் படி முழுக்க லெச்சுமி முகத்தை ஒரு பக்கம் திருப்பியபடியே இறங்கினாள். ஒரு தடவைகூட நாயைப் பார்க்கவில்லை. படங்கை ஒரு தடவைகூட விடவும் இல்லை.

முதலில் வந்த திரிவீல் ஆட்டோக்காரர், பொட்டலத்துக்குள் நாயைக் கண்டதும் மாட்டேன் என்று கையசைத்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில், “குட்டி போட்ட தாய், மாத்தயா” என்று சொன்னேன். பின் சீட்டில் கிடந்த தன் மழைக்கோட்டை எடுத்து விரித்தார்.

நான் ஏறி உட்கார்ந்த பிறகுதான் லெச்சுமி கேட்டாள். “அக்கா, குட்டிங்க?”

“நீதான் பாத்துக்கணும்.”

“நானா?”

வண்டி கிளம்பிவிட்டது.

கோம்பைக் கதை

வீராயி எங்கள் வீட்டுக்கு வந்ததே என் வீட்டுக்காரர் செல்லையாவின் பிடிவாதத்தால்.

அவர் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை. அமைதியான மனிதர். ஆனால் கோம்பை நாய் என்று யாராவது வாயெடுத்தால் போதும், அன்று சாப்பாடு ஆறிவிடும்.

தமிழ்நாட்டில், கம்பம் பக்கம், மலையடிவாரத்தில் கோம்பை என்று ஓர் ஊர். அந்த ஊர்ப் பேரில் ஒரு நாய்ச் சாதி. செம்பட்டை உடம்பு, கரி பூசினாற்போல் வாய், மடங்கிய காது, அரிவாள் மாதிரி வளைந்த வால். மலையிலிருந்து இறங்கும் காட்டு மிருகங்களிடமிருந்து மாட்டுப் பட்டியைக் காக்க வளர்த்தார்களாம். பன்றி வேட்டைக்குக் கொண்டுபோவார்களாம். பாளையக்காரர்களின் படையோடு போனது என்றும் சொல்வார்கள். எது உண்மை, எது சேர்த்துச் சொன்னது என்று எனக்குத் தெரியாது. செல்லையாவுக்கு எல்லாமே உண்மை.

அவருடைய கதை இன்னும் ஒரு படி மேலே. அவருடைய பாட்டனுக்குப் பாட்டன் அந்தப் பக்கத்திலிருந்துதான் தோட்ட வேலைக்கு இலங்கைக்கு வந்தாராம். வரும்போது போர்வைக்குள் ஒரு கோம்பைக் குட்டியை ஒளித்துக் கொண்டுவந்தாராம். மன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் காட்டு வழி நடந்தபோது, அந்தக் குட்டிதான் கூட்டத்துக்கே காவலாம்.

“குட்டி எப்படிங்க காவல் இருக்கும்?” என்று கேட்டால், “நடந்து வர்ற வழியிலயே வளந்திருக்கும்” என்பார்.

நாடே பால்மாவுக்கு வரிசையில் நின்ற தட்டுப்பாட்டுக் காலம் முடிந்து கொஞ்ச நாளில், ஹட்டனில் விதைக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் அண்ணன், எங்களுக்கு நானா, ஒரு செய்தி சொன்னார். அவருடைய மச்சான் இறம்பொடையில் மரக்கறித் தோட்டம் செய்கிறவர். பன்றித் தொல்லை தாங்காமல், முறையாக அனுமதியெல்லாம் எடுத்து, இந்தியாவிலிருந்து இரண்டு சோடி கோம்பை இறக்கியிருக்கிறார், ஒன்று குட்டி போட்டிருக்கிறது என்று. அன்று செல்லையா வேலை விட்டு வந்து தேத்தண்ணிகூடக் குடிக்கவில்லை. ஹட்டனுக்கு பஸ் ஏறிவிட்டார்.

அப்படி வந்தவள்தான் வீராயி. செல்லையா வீட்டுக் குலதெய்வத்தின் பேர்.

அவளுக்கு இரண்டரை வயதானபோது, மற்றச் சோடியின் கடுவனோடு சேர்க்க வேண்டுமென்று நானாவின் வேனில் இறம்பொடைக்குப் போனோம். அந்த வளைவுகளில் வீராயி இரண்டு தரம் வாந்தி எடுத்தாள், நான் ஒரு தரம். வழியில் அனுமார் கோயிலில் இறங்கி, செல்லையா நாய் பேருக்கு அர்ச்சனை செய்யப் பார்த்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டதும் முழித்துவிட்டு, தேங்காய் மட்டும் உடைத்துக்கொண்டு வந்தார்.

இரண்டு மாதம் கழித்து எட்டுக் குட்டிகள் பிறந்தன. ஐந்து அசல் செம்பட்டை, கரிவாய். மற்ற மூன்றும் வெள்ளையில் கறுப்புத் திட்டு.

எங்கள் லயத்தில் மணி என்று ஒரு நாய் உண்டு. யாருடைய நாயும் இல்லை, எல்லோர் வீட்டிலும் சாப்பிடும். வெள்ளையில் கறுப்புத் திட்டு.

குட்டி பார்க்க வந்த நானா சாக்குப் பக்கத்தில் குந்தி, ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். “செல்லையா, அஞ்சு பேரு எங்கட மச்சான்ட நாய்ட பிள்ளையள்தான். இந்த மூணு பேருக்கும் வாப்பா வேற” என்றார். சிரித்துச் சிரித்து அவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செல்லையா இரண்டு நாள் மணிக்குச் சோறு வைக்கவில்லை.

ஊசி

அந்த வீராயியைத்தான் மழைக்கோட்டின் மேல் கிடத்திக்கொண்டு போனேன்.

மிருக வைத்தியர் ஒரு சிங்களப் பெண். என் மகள் வயதுதான் இருக்கும். நாயைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை குட்டி, எத்தனை நாள்?”

சொன்னேன்.

“பால்ல எல்லாம் போயிட்டது அம்மா. ரத்தத்தில கல்சியம் இல்ல” என்றபடியே முன்னங்காலில் மயிரை மழித்தார்.

மருந்தை ஒரேயடியாக ஏற்ற முடியாது. வேகமாகப் போனால் நெஞ்சு நின்றுவிடுமாம். ஒரு கையால் ஊசியை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு, காதில் குழாயை மாட்டி நெஞ்சுத் துடிப்பைக் கேட்டபடி குனிந்தே நின்றார். நான் வீராயியின் தலையைப் பிடித்திருந்தேன். பல் கிட்டியிருந்தது. என் கைக்குள் அவளுடைய தாடை படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

செய்தி கேட்டுத் தொழிற்சாலையிலிருந்து செல்லையா வந்துசேர்ந்தார். சட்டையெல்லாம் தேயிலைத் தூசி. சுவரோரமாக நின்றார். நான் அவரைக் கல்யாணம் கட்டிய நாளிலிருந்து பார்க்கிறேன், அவர் அழுதால் சத்தம் வராது.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. தாடை அடிப்பது குறைந்தது. பிறகு நின்றது. நிமிர்ந்து டொக்டரைப் பார்த்தேன். அவர் குழாயைக் காதிலிருந்து கழற்றிச் சிரித்தார். “இப்ப நல்லம்” என்றார். வீராயி நாக்கை நீட்டி என் விரலை நக்கினாள்.

“ரெண்டு நாள் குட்டி பால் குடிக்கக் கூடாது. அதுக்குப் பிறகும் கொஞ்சம் கொஞ்சம்தான். நீங்கதான் கையால பால் குடுக்கணும். திரும்ப இவளுக்குக் குட்டி வேணாம் அம்மா. அடுத்த தரம் தாங்க மாட்டா.”

நான் செல்லையாவைப் பார்த்தேன். வீராயி வழியாக ஒரு பரம்பரையே உருவாக்கப் போவதாக ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்த மனிதர்.

“வேணாம் டொக்டர். இவ இருந்தாப் போதும்” என்றார்.

அடுப்படியில் எட்டுப் பேர்

வீடு திரும்ப மத்தியானம் தாண்டிவிட்டது. அதுவரை லெச்சுமியையும் குட்டிகளையும் நினைக்கவே இல்லை. நினைவு வந்ததும், அந்தப் படிகளை எப்படி ஏறினேன் என்று எனக்கே தெரியாது.

விறகுக் கொட்டிலில் குட்டிகள் இல்லை.

லெச்சுமி வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அடுப்புக்குச் சற்றுத் தள்ளி அவளுடைய கொழுந்துக் கூடை. கூடைக்குள் ஒரு பழைய கம்பளிச் சட்டை, அதற்குள் எட்டுக் குட்டிகள், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தூக்கம்.

காம்பராவின் மறு மூலையில், மர வாங்குப் பலகையின் மேல் இரண்டு காலையும் தூக்கி வைத்துக்கொண்டு லெச்சுமி உட்கார்ந்திருந்தாள். கையில் விளக்குமாறு.

“செத்துருச்சாக்கா?”

“பொழச்சிட்டா.”

“அப்ப இதுகள எடுத்துட்டுப் போங்க. காலையில இருந்து நான் எறங்கவே இல்ல. வெறகு தள்ள மட்டுந்தான் எறங்குனேன்.”

“கூடையில எப்படிப் போட்ட?”

“மொறத்தால அள்ளுனேன்” என்றாள்.

அதன் பிறகு எங்கள் வீடு மறுபடியும் பிள்ளைக் காம்பரா ஆனது. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் டொக்டர் சொன்ன பால். ஊசி இல்லாத சிரிஞ்சியில் துளித் துளியாக. கைப்பிள்ளையை ஏந்துவது போல் மல்லாக்கப் பிடித்தால் பால் மூச்சுக்குள் போய்விடும், குப்புற வைத்துத்தான் கொடுக்க வேண்டும். குடித்து முடிந்ததும் ஈரப் பஞ்சால் வயிற்றடியில் துடைத்துவிட்டால், தாய் நக்கிவிடுவதாக நினைத்து ஒன்றுக்குப் போகும். எது குடித்தது, எது குடிக்கவில்லை என்று குழம்பாமல் இருக்க, ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு நிறத்தில் கம்பளி நூல். முப்பது வருடத்தில் நான் பார்த்த எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த எட்டும் ஒன்றும் சளைத்ததில்லை. ஒன்று பால் கண்டதும் சிரிஞ்சியையே விழுங்கப் பார்க்கும். ஒன்று தாலாட்டினால்தான் வாய் திறக்கும்.

வீராயி மூன்றாம் நாள் எழுந்து வந்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்தாள். எல்லாவற்றிலும் அடுப்புப் புகையும் மனுசக் கையும் மணத்திருக்கும். நான் பயந்துகொண்டே பார்த்திருந்தேன். எட்டையும் நக்கி முடித்துவிட்டு, பெருமூச்சு விட்டு, பக்கத்தில் படுத்தாள்.

செல்லையா அன்று மணிக்கும் ஒரு தட்டுச் சோறு வைத்தார்.

பங்களாவுக்கு ஒன்று

எட்டு வாரத்தில் குட்டிகள் இஸ்தோப்பை இரண்டாக்கிவிட்டன. ஒரு செருப்பு மிஞ்சவில்லை. யார் வந்தாலும் எட்டும் வரிசையாக வாசலில் நின்று குரைக்கும். யாராவது காலைத் தட்டினால் எட்டும் என் சேலைக்குள் ஓடிவந்துவிடும்.

பேசியபடி நானாவுக்கு ஒன்று. அவர் வேண்டுமென்றே திட்டுக் குட்டியைத்தான் எடுத்தார். “இவன்தான் ரெண்டு ஊர்க்காரன்” என்றார். பட்டிப்பொலப் பக்கம் கிழங்கு போடுகிறவர்கள் மூன்று பேர், பன்றிக் காவலுக்கென்று மூன்று குட்டிகளைக் கொண்டுபோனார்கள். மற்றவை பக்கத்து லயங்களுக்குப் போயின. கடைசியாக இருந்தவள் கரிவாய்ச்சி, எட்டிலும் துணிச்சல்காரி.

அவளைத் துரை கேட்டனுப்பினார்.

தோட்டத்து மேனேஜரை இன்றைக்கும் நாங்கள் துரை என்றுதான் சொல்கிறோம். புதிதாக வந்த சிங்களப் பையன். பங்களாவுக்குக் காவலுக்கு ஒரு நல்ல சாதிக் குட்டி வேண்டுமாம். செல்லையா அன்று மூன்றடி உயர்ந்துவிட்டார். “நம்ம குட்டி பங்களாவுக்குப் போவுது புஷ்பம்!” என்று என்னிடம் லயத்துக்கே கேட்கச் சொன்னார்.

லெச்சுமிக்கும் கேட்டது. வந்து வாசலில் நின்றாள்.

“நான் அடுப்பு எரிச்சுக் காப்பாத்துனது பங்களாவுக்காண்ணே?”

செல்லையாவுக்குப் புரியவில்லை. “ஏன் லெச்சுமி? அங்க நல்லா வச்சிருப்பாங்க. எறச்சி போடுவாங்க.”

அவள் சேலையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கினாள். பதினைந்து வருடமாகப் பக்கத்தில் இருக்கிறேன், அதுவரை நான் பார்த்ததில்லை. ஆடுசதையில் பாதி இல்லை. மிச்சத்தில் தோல் மடிந்து பளபளவென்று இருந்தது.

“ஒம்போது வயசுல. அப்பாவுக்கு முடியல, லீவு கேட்டு அம்மா துண்டுக் கடுதாசி குடுத்து விட்டுச்சு. குறுக்கு வழின்னு முன்பக்கமா போயிட்டேன். அப்ப இருந்த தொரைட நாயி. ஏவி விட்டாங்களா, அவுத்துக்கிச்சான்னு தெரியல. வராந்தாவுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தாங்க. பொறகு கட்டுன்னு சொல்லி ஆள் அனுப்புனாங்க. நாயக் கட்ட, என் காலக் கட்ட இல்ல.”

கரிவாய்ச்சி லெச்சுமியின் செருப்பு வாரைக் கடித்துக்கொண்டிருந்தாள். லெச்சுமி மெல்லக் காலை இழுத்துக்கொண்டாள்.

அந்தக் காலத்துப் பங்களா நாய்களை எனக்கும் தெரியும். சீமையிலிருந்து வந்த பெரிய உருப்படிகள். வேட்டி கட்டியவனையும் கூடை போட்டவளையும் கண்டால் மட்டும் குரைக்கும். காற்சட்டைக்காரர் வந்தால் வாலாட்டும். யாரோ பழக்கியிருந்தார்கள். எங்களிடமிருந்து காப்பாற்றத்தான் அந்தக் காவல்.

செல்லையா சொன்னார். “நாளைக்கு நான் போயி, குட்டி இல்லன்னு சொல்லிடுறேன்.”

அவருக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். துரையிடம் இல்லை என்று சொல்லிப் பழகாதவர். “நீ வேணும்னா இத வச்சுக்க லெச்சுமி” என்றும் சொன்னார்.

“எனக்கெதுக்கு நாயி?” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செல்லையா இஸ்திரிப் பெட்டியால் சட்டையை மினுக்கிப் போட்டுக்கொண்டு கிளம்பும்போது லெச்சுமி வந்தாள். தலை குளித்து, நல்ல சேலை கட்டியிருந்தாள்.

“நீங்க இருங்கண்ணே. குட்டியக் குடுங்க, நான் கொண்டுபோறேன்.”

“எங்க?”

“பங்களாவுக்குத்தான். நீங்க இல்லன்னு சொன்னா, தொர வேற எங்கயாவது வாங்கி வைப்பாரு. அது நம்மளப் பாத்துக் கொலைக்கும். இதுக்கு நம்ம மணம் தெரியும்.”

நான் கரிவாய்ச்சியை ஒரு துண்டில் சுற்றினேன். லெச்சுமி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு இரண்டு கையையும் நீட்டினாள். வைத்தேன். வெந்நீர்ப் பானையைப் பிடிப்பது போல் உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நடந்தாள். நான் கூட வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள்.

பத்து மணிக்குப் போனவள் பன்னிரண்டாகியும் வரவில்லை. செல்லையா நாலு தரம் படிக்கட்டு வரை போய்ப் பார்த்தார். வீராயியும் அவர் பின்னாலேயே போய்ப் போய் வந்தாள். கடைசியில் வீராயிதான் முதலில் கண்டு எழுந்து நின்றாள். கீழே தேயிலைக்குள் லெச்சுமியின் தலை தெரிந்தது.

வந்து வாங்கில் உட்கார்ந்தாள். தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

“முன்வாசல்ல போயி நின்னேன்” என்றாள். “பங்களா சமையக்கார அப்பு வந்து, பின்பக்கம் போகச் சொன்னாரு. தொரையக் கூப்பிடுங்கன்னேன். தொரையே வந்தாரு. கொச்சத் தமிழ். குட்டியக் குடுக்கல. மொதல்ல காலக் காட்டுனேன்.”

“ஐயோ! என்ன சொன்னாரு?”

“காலப் பாத்தாரு. பொறகு நாற்காலிய இழுத்துப் போட்டு உக்காருங்கம்மான்னாரு. லயத்து ஆளுங்களப் பாத்துக் கொலைக்கப் பழக்க மாட்டேன்னாரு. கட்டிப்போட்டா நாயிக்கு வெறி ஏறும், கட்டிப்போட மாட்டீங்களேன்னு கேட்டேன். மாட்டேன்னாரு. அப்புறந்தான் எறக்கி விட்டேன்.”

“இவ்வளவு நேரம் என்ன செஞ்ச?”

“டீ குடுத்தாரு. வராந்தாவுல உக்காந்து குடிச்சேன்.”

செல்லையா வாயைப் பிளந்தார். நான்தான் கேட்டேன். “குட்டி?”

“அதுதான் அக்கா. எறக்கி விட்டதும் உள்ள ஓடும்னு பாத்தா, வந்து என் கால் மேலயே படுத்துக்கிச்சு. அந்தக் கால் மேலயே. நான் கப்ப ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன். தொர எடுக்கவான்னு கேட்டாரு.”

“நீ என்ன சொன்ன?”

லெச்சுமி செம்பைக் கீழே வைத்தாள்.

“இருக்கட்டும்னேன். டீய முழுசாக் குடிச்சு முடிக்கிற வரைக்கும் நான் எந்திரிக்கவே இல்ல.”